கடிகாரமும் ஒரு காய்தான்: ஹிகாரு நகமுராவின் அதிவேகச் செஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

புல்லட் எனப்படும் ஒரு நிமிட ஆட்டத்தில் ஆளுக்கு 60 நொடி. ஆட்டம் 40 மூவில் முடிகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு மூவுக்கு ஒன்றரை நொடி. அதற்குள் எதிராளி என்ன ஆடினார் என்று பார்க்க வேண்டும், பதிலை முடிவு செய்ய வேண்டும், மவுஸால் காயை எடுத்து வைக்கவும் வேண்டும். பார்க்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது கையின் வேகம். அதனால் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுராவைப் பற்றிப் பேச்சு வந்தாலே, “மவுஸ் வேகம் அவருக்கு, வேற யாருக்கும் வராது” என்று முடித்துவிடுகிறார்கள்.

வேகம் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் வேகமான கைகள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் எத்தனை உலகின் முதல் பத்து ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து தோற்கடிக்கின்றன? அவருடைய ஆட்டங்களைப் பல வருடங்களாகப் பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது இது: நகமுரா தனக்கு அரை நொடி மட்டுமே செலவாகும் கேள்வியைக் கேட்கிறார், சரியான பதிலைத் தேட எதிராளிக்கு ஐந்தாறு நொடி செலவாகிறது. ஒரே ஆட்டத்தில் இப்படிப் பத்து தடவை நடந்தால், பலகையில் நிலை சமமாக இருந்தாலும் கடிகாரத்தில் ஒருவர் தோற்றுக்கொண்டிருப்பார். அவர் பாணியின் அச்சு இதுதான் என்பது என் வாதம். இதற்கு ஒத்துவராத ஆட்டங்களும் உண்டு, அவற்றையும் கீழே எடுத்திருக்கிறேன்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம்

1987 டிசம்பர் 9 அன்று ஜப்பானில், ஒசாகா மாகாணத்தின் ஹிரகட்டாவில் பிறந்தவர். இரண்டு வயதில் அமெரிக்கா வந்துவிட்டார். அவருடைய மாற்றாந்தந்தை சுனில் வீரமந்திரி இலங்கையில் பிறந்தவர், உலகச் செஸ் கூட்டமைப்பு தரும் பிடே மாஸ்டர் பட்டம் பெற்றவர், நியூயார்க்கில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்துப் பெயர் பெற்ற பயிற்சியாளர். நகமுரா 2003இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மிக இளம் வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆன அமெரிக்கர் என்று பாபி ஃபிஷர் வைத்திருந்த சாதனை அப்போது முறிந்தது. பிறகு அமெரிக்கச் சாம்பியன் பட்டத்தை ஐந்து முறை வென்றார். 2015 அக்டோபரில், மணிக்கணக்கில் ஆடும் கிளாசிக்கல் ஆட்டத்தில் அவருடைய வலுவைக் காட்டும் தரப்புள்ளி 2816 வரை போனது.

இந்த ஆய்வுக்கு இவற்றைவிட முக்கியமான விஷயம், அவர் இணையத்தில் வளர்ந்த முதல் தலைமுறை ஆட்டக்காரர் என்பது. இன்டர்நெட் செஸ் கிளப்பில் ‘ஸ்மால்வில்’ என்ற பெயரில் ஆடிய பிளிட்ஸ் (ஆளுக்கு மூன்று, ஐந்து நிமிடம்), புல்லட் ஆட்டங்களால்தான் பலருக்கு அவர் முதலில் தெரிய வந்தார். 2009இல் ஒரு நிமிட ஆட்டத்தைப் பற்றி இணை ஆசிரியராக ஒரு புத்தகமும் எழுதினார். மற்றவர்கள் பொழுதுபோக்கு என்று நினைத்ததை அவர் அப்போதே பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

சசிகிரணுக்கு எதிராக ராணி எச்5

2005இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும் ஸ்வீடனின் மால்மோவிலும் நடந்த சிகெமன் போட்டி. எதிரே சென்னையின் கிராண்ட்மாஸ்டர் கிருஷ்ணன் சசிகிரண். இருவரும் ராஜா முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார்கள். இரண்டாவது மூவில் நகமுரா ராணியை எச்5க்கு, அதாவது பலகையின் வலது ஓரத்தில் ஐந்தாம் வரிசைக் கட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

நம் ஊரில் செஸ் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொள்வார்கள், நாலு மூவில் மேட் வைப்பதற்காக. அடுத்த வாரமே மாஸ்டர் கண்டிப்பார்: ராணியை இவ்வளவு சீக்கிரம் வெளியே எடுக்காதே. உலகத் தரத்தில், கிளாசிக்கல் ஆட்டத்தில், சசிகிரண் மாதிரி ஒழுங்காகத் தயாரித்து வருகிற ஒருவருக்கு எதிராக ஒரு கிராண்ட்மாஸ்டர் இதை ஆடினார் என்பது அன்று பலரை எரிச்சல்படுத்தியது. ஆட்டம் 87 மூவ் வரை போனது. சசிகிரண் ஜெயித்தார். அந்த மூவ் ஆடக்கூடியதுதான், நடுவில் எனக்கு நல்ல நிலை இருந்தது என்று நகமுரா பின்னர் வாதாடினார்.

இதை வெறும் சேட்டை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. அந்த மூவால் வெள்ளைக்கு எந்த ஆதாயமும் இல்லை, உண்மை. கருப்புக்கு ஆபத்தும் இல்லை. ஆனால் எதிராளி வீட்டில் மாதக்கணக்கில் தயாரித்த அத்தனையும் இரண்டாவது மூவிலேயே வீணாகிவிடுகிறது. அங்கிருந்து ஒவ்வொரு மூவையும் அவர் சொந்தமாக யோசித்து ஆட வேண்டும். சசிகிரணுக்கு யோசிக்க மணிக்கணக்கில் நேரம் இருந்தது, யோசித்தார், ஜெயித்தார். அதே கேள்வியை மூன்று நிமிட ஆட்டத்தில் கேட்டால் கணக்கு வேறு. இணையத்தில் பழகிய கேள்வியை நேரம் தாராளமாக உள்ள இடத்தில் கேட்டுப் பார்த்தார், விலை கட்டுப்படியாகவில்லை. இதுதான் என் வாசிப்பு.

அந்தப் பழக்கத்தின் முதிர்ந்த வடிவத்தை அவருடைய பிளிட்ஸ் ஆட்டங்களில் இப்போது பார்க்கலாம். முதல் மூவே பி3, அதாவது ராணிப் பக்கத்துக் குதிரைக்கு முன்னிருக்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவது. ராணிப் பக்கத்து மந்திரியை மூலைவிட்டத்தில் வைத்து ஆடும் இந்தத் தொடக்கம் ராணி எச்5 போல முகத்தில் அடிக்காது. வெள்ளைக்குப் பெரிய சாதகமும் தராது. ஆனால் மனப்பாட வரிகள் குறைவு, திட்டங்கள் அதிகம். அந்தத் திட்டங்களை நகமுரா ஆயிரம் முறை ஆடிப் பார்த்தவர். எதிராளிக்கு அது பழக்கமில்லாத ஊர்.

கருப்புக் காய்களில் கிங்ஸ் இந்தியன் தற்காப்பு என்ற தொடக்கத்திலும் இதே கணக்குதான். மையம் மூடிக்கொள்ளும். கருப்பின் வேலை வெள்ளை ராஜா இருக்கும் பக்கம் சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டு போவது. அந்த மூவ்கள் கைக்குத் தானாக வரும். தற்காக்கிறவர் மட்டும் ஒவ்வொரு மூவிலும் “இப்போது வெட்டலாமா, விடலாமா” என்று கணக்குப் போட வேண்டும். துருக்கியின் புர்சாவில் 2010 ஜனவரியில் நடந்த உலக அணிப் போட்டியில் போரிஸ் கெல்ஃபாண்டை நகமுரா கருப்பில் வீழ்த்திய ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். கிளாசிக்கல் ஆட்டம்தான், ஆனாலும் தாக்குபவருக்கும் தற்காப்பவருக்கும் யோசனைச் சுமை எவ்வளவு சமமில்லாமல் விழுகிறது என்பது மூவுக்கு மூவ் தெரியும்.

ரிப்காவோடு 271 மூவ்

2008இல் ரிப்கா அன்றைய மிக வலுவான செஸ் நிரல்களில் ஒன்று. மனிதர்கள் கணினியை நேருக்கு நேர் ஜெயிக்க முடியாது என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்ட காலம். நகமுரா அதோடு இணையத்தில் மூன்று நிமிட ஆட்டம் ஆடினார், 271 மூவ். ஒரு மூவுக்குச் சராசரியாக ஒரு நொடிகூட ஆகவில்லை. ஜெயித்தவர் நகமுரா.

எப்படி? பலகையை முழுக்க மூடினார். சிப்பாய்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்க, எந்தப் பக்கமும் உடைத்துக்கொண்டு நுழைய வழியில்லை. பிறகு காய்களை முன்னும் பின்னும் சும்மா நகர்த்திக்கொண்டிருந்தார். காய் மதிப்பில் அவர் பின்தங்கித்தான் இருந்தார், அதனால் ரிப்காவின் கணக்குப்படி ரிப்கா ஜெயித்துக்கொண்டிருந்தது. இங்கேதான் 50 மூவ் விதி வருகிறது: 50 மூவ் வரை யாரும் எதையும் வெட்டாமல், சிப்பாயையும் நகர்த்தாமல் போனால் டிரா கோரலாம். ஜெயிப்பதாக நம்புகிற நிரல் டிராவை ஏற்குமா? அந்த எல்லை நெருங்கியதும் டிராவைத் தவிர்க்கச் சிப்பாயைத் தள்ளி, மூடிக் கிடந்த பலகையைத் தானே திறந்தது. திறந்த வழியில் நகமுரா உள்ளே போனார். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய்களை ராணியாக்காமல் மந்திரிகளாக மாற்றிக்கொண்டார்.

அந்த மந்திரிகளைப் பற்றித்தான் எல்லோரும் சிரித்துப் பேசுவார்கள். எனக்கு மற்றதுதான் முக்கியம். ரிப்காவைவிட ஆழமாகக் கணக்குப் போட அவர் முயலவே இல்லை. எதிராளிக்கு எது கடினம் என்று பார்த்தார்: ஒன்றும் செய்யாமல் இருப்பது அந்த நிரலுக்குக் கடினம். தனக்கோ சும்மா இருக்கும் மூவ்கள் செலவே இல்லாதவை. கணினியிடம்கூட மலிவான கேள்வியைக் கேட்டுக் காத்திருந்தார்.

பிரீமூவும் ஒரு நொடிக் கூடுதலும்

இணைய ஆட்டத்தில் பிரீமூவ் என்று ஒரு வசதி உண்டு. எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே நம் அடுத்த மூவைப் போட்டு வைக்கலாம். அவர் ஆடியதும் அது உடனே நடந்துவிடும். செஸ்.காம் இணையதளத்தில் பிரீமூவுக்குப் பத்தில் ஒரு நொடி கழியும், லிசெஸ் தளத்தில் எதுவும் கழியாது. கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ராணியே போய்விடும். நான் பார்த்தவரை நகமுரா பிரீமூவைப் பெரும்பாலும் எதிராளிக்கு ஒரே பதில்தான் இருக்கிற இடங்களில் போடுகிறார். ராஜாவுக்குச் செக், காய்க்குக் காய் வெட்டு. அப்படிப்பட்ட இடங்களைத் தானே உண்டாக்கவும் செய்கிறார். செக் வைத்தால் எதிராளி எங்கே போவார் என்பது தெரியும். அடுத்த மூவுக்கு நேரம் செலவில்லை. விரலின் திறமையாகத் தெரிவதில் பாதி, நிலையைத் தேர்ந்தெடுக்கும் திறமைதான்.

நேரம் தீர்த்து ஜெயிப்பதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. மூன்று நிமிடம் என்று ஒப்புக்கொண்டுதானே இருவரும் உட்கார்ந்தோம்? அதற்குள் ஆட்டத்தை நடத்தத் தெரிவதும் ஆட்டம்தான். ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். நேரம் கூடாத புல்லட்டில், யானைக்கு யானை என்று சமமாக நிற்கும் நிலையில்கூட நேரத்தைத் தீர்த்து ஜெயிக்கலாம். ஒவ்வொரு மூவுக்கும் ஒரு நொடி கூடும் ஆட்டத்தில் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. அங்கே வெறும் விரல் ஓடாது.

அதனால்தான் ஸ்பீட் செஸ் சாம்பியன்ஷிப் நல்ல சோதனைக்களம். இருவர் மோதும்போது முதலில் 90 நிமிடத்துக்கு ஐந்து நிமிட ஆட்டங்கள், அடுத்து 60 நிமிடத்துக்கு மூன்று நிமிட ஆட்டங்கள், கடைசியில் 30 நிமிடத்துக்கு ஒரு நிமிட ஆட்டங்கள். மூன்றிலும் மூவுக்கு ஒரு நொடி கூடும். புல்லட் பகுதியில்கூட 60 மூவ் ஆட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கிறது. இந்தப் போட்டியை நகமுரா 2018 முதல் 2022 வரை ஐந்து வருடம் தொடர்ந்து வென்றார். 2022 இறுதிப் போட்டியில் அன்றைய உலகச் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனை 14.5-13.5 என்று ஒரே புள்ளியில் தாண்டினார். அடுத்த வருடம் அதே கார்ல்சனிடம் 12.5-13.5 என்று அதே ஒரு புள்ளியில் தோற்றார். வெறும் மவுஸ் வேகத்தை வைத்து மூன்று மணி நேரம் கார்ல்சனோடு இப்படி நிற்க முடியாது.

ஆடிக்கொண்டே பேசுவது

2018 வாக்கில் தொடங்கி, பெருந்தொற்று முடக்கக் காலத்தில் பெரிதாக வளர்ந்தது அவருடைய நேரலை. ஆடிக்கொண்டே வாயால் சொல்லிக்கொண்டு போவார்: இதை வெட்டுவார், நான் வெட்டுவேன், அவர் வெட்டுவார், குதிரை இங்கே வரும், சரி, எனக்கு நல்லது. ஆய்வாளருக்கு இது அரிய வாய்ப்பு. ஒரு பெரிய ஆட்டக்காரரின் தலைக்குள் நடப்பதை நேரடியாகக் கேட்கலாம்.

கேட்டுப் பார்த்தால், அவர் எல்லா மூவையும் பார்ப்பதில்லை என்பது தெரியும். வெட்டுத் தொடர் முடிந்த பிறகு எஞ்சும் நிலை என்ன, அது தனக்குத் தெரிந்த நிலையா என்று கேட்டுக்கொள்கிறார். தெரிந்ததென்றால் போய்விடுகிறார். உளவியல் ஆய்வாளர்கள் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இதை விளக்க உதவுகிறது. உண்மையான ஆட்டத்தின் நிலையை ஐந்து நொடி காட்டி மறைத்தால் தேர்ந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய முழுதாக அடுக்கிவிடுவார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அந்தச் சாமர்த்தியம் பெரும்பாலும் போய்விடும். அவர்கள் காய் காயாகப் பார்ப்பதில்லை, தொகுதி தொகுதியாகப் பார்க்கிறார்கள். புல்லட்டில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடியவரிடம் அந்தத் தொகுதிகளின் கையிருப்பு எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவசர ஆட்டம் ஆழத்தைக் கெடுத்துவிடும் என்ற பயம் பல பயிற்சியாளர்களுக்கு உண்டு. நகமுரா விஷயத்தில் அது பொருந்தவில்லை. பார்சிலோனாவில் 2007இல் மிகைல் கிராசென்கோவுக்கு எதிராக 21ஆவது மூவில் எஃப்2 சிப்பாயை ராணியால் வெட்டி ராணியையே கொடுத்தார். வெள்ளை ராஜா பலகையின் நடுவுக்கு இழுத்துவரப்பட்டுத் தோற்றது. 2022 அக்டோபரில் ரெய்க்யாவிக்கில், பின்வரிசைக் காய்களைக் குலுக்கி வைத்து ஆடும் ஃபிஷர் ரேண்டம் உலகப் பட்டத்தை இயன் நெபோம்னியாச்சியை ஆர்மகெடானில் (டிரா ஆனால் கருப்பு ஜெயித்ததாகும் தீர்வு ஆட்டத்தில்) தாண்டி வென்றார். மனப்பாடத் தொடக்கம் எதுவும் உதவாத களம் அது.

பொருந்தாத பக்கம்

2009 நவம்பரில் ஆஸ்லோவில் நடந்த பிளிட்ஸ் இறுதியில் நகமுரா கார்ல்சனை 3-1 என்று வென்றார். அடுத்த வருடம் மாஸ்கோவில் ஓட்டல் அறையில் இருவரும் தனியாக 40 பிளிட்ஸ் ஆட்டங்கள் ஆடினார்கள்; கார்ல்சன் 24.5-15.5 என்று முந்தினார். கிளாசிக்கலில் நிலைமை இன்னும் மோசம். 2016 ஜூலையில் பில்பாவோவில் கிடைத்ததுதான் கார்ல்சனுக்கு எதிராக நகமுராவின் முதல் கிளாசிக்கல் வெற்றி. அதற்கு முன் 12 தோல்வி, 18 டிரா. அந்தத் தோல்விகளில் 2014இல் சூரிச்சில் கைக்கு வந்த வெற்றி நழுவிப்போனதும் ஒன்று.

இந்தக் கணக்கை நான் இப்படிப் படிக்கிறேன். மலிவான கேள்வி இரண்டு பேரிடம் எடுபடாது: நிறைய நேரம் உள்ளவரிடம், அதே மலிவில் பதில் சொல்லத் தெரிந்தவரிடம். கார்ல்சன் இரண்டாவது வகை. நகமுராவின் கேள்விக்கு அவருக்கும் அரை நொடிதான் ஆகிறது. கிளாசிக்கலில் அவருக்கு நேரமும் சேர்ந்துகொள்கிறது. 2020 ஆகஸ்டில் ஆன்லைன் ரேபிட் (பிளிட்ஸைவிட நீண்ட, கிளாசிக்கலைவிடக் குறுகிய ஆட்டம்) தொடரின் இறுதிப் போட்டி ஏழு நாள் நீண்டு, கடைசி நாள் ஆர்மகெடானில்தான் கார்ல்சன் பக்கம் முடிந்தது. ரேபிட் வேகத்தில் இருவருக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவுதான்.

ஆச்சரியமான திருப்பம் 2022இல். இரண்டு வருடத்துக்கு மேல் கிளாசிக்கல் ஆடாமல் நேரலையிலேயே இருந்தவர், சிறப்பு அழைப்பில், உலகப் பட்டத் தகுதிக்கான கிராண்ட் பிரி தொடருக்குள் வந்து பெர்லினில் முதல் சுற்றுப் போட்டியை வென்றார், பிறகு தொடரையே வென்றார். 2023இல் நார்வே செஸ் பட்டமும் அவருக்கு. தோற்றாலும் எனக்குக் கவலையில்லை என்று அவர் அடிக்கடி சொல்வதைப் பலர் பாவனை என்பார்கள். நான் அதை நம்புகிறேன். வருமானம் நேரலையில் இருக்கிறது. ஒரு தோல்வி அவர் வாழ்க்கையைத் தொடாது. மோசமான நிலையிலும் பதறாமல் உட்கார்ந்து, எதிராளிக்குத் தொல்லையான மூவைத் தேடும் புல்லட் பழக்கம் கிளாசிக்கலில் தற்காப்பாக மாறியிருக்கிறது.

2023 நவம்பரில் எழுந்த சர்ச்சையையும் விட முடியாது. இணைய பிளிட்ஸில் நகமுரா 46 ஆட்டங்களில் 45.5 புள்ளி எடுத்த ஒரு தொடரைச் சுட்டி, முன்னாள் உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் கேள்வி எழுப்பினார். செஸ்.காம் நகமுராவின் ஆட்டங்கள் மீது ஏறக்குறைய 2,000 அறிக்கைகள் எடுத்துப் பார்த்து, மோசடிக்கு ஆதாரமில்லை என்று அறிவித்தது. எதிராளியைவிடத் தரப்புள்ளி 400 அதிகமாக இருந்தாலே 11 ஆட்டத்துக்கு 10 புள்ளி எதிர்பார்க்கலாம். பல்லாயிரம் ஆட்டங்கள் ஆடியவருடைய பட்டியலில் மிகச் சிறந்த 46ஐ மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் அது அசாதாரணமாகத்தான் தெரியும்.

இங்கே யார் எதைப் பின்பற்றுகிறார்கள்

நம் பிள்ளைகள் போனில் புல்லட் ஆடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருவது ஒரு இடத்தில்தான். இரண்டாவது மூவிலேயே ராஜாவை முன்னே நகர்த்துகிறார்கள். 2021 மார்ச்சில் கார்ல்சனும் நகமுராவும் ஆன்லைன் போட்டியில் அப்படி ராஜாக்களை முன்னும் பின்னும் நகர்த்தி ஆறு மூவில் டிரா செய்தார்கள்; இருவரும் ஏற்கெனவே அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்ட நிலையில் நடந்த வேடிக்கை அது. அந்த வேடிக்கையைப் பிடித்துக்கொண்டவர்கள், எதிராளியை யோசிக்க வைக்கும் அமைதியான மூவ்களைக் கவனிக்கவே இல்லை. அவருடைய பிளிட்ஸ் ஆட்டத்தை ஒருமுறை பலகையை மறந்துவிட்டு எதிராளியின் கடிகாரத்தை மட்டும் பார்த்து ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். எந்த மூவில் எட்டு நொடி கரைந்தது என்று குறித்துக்கொண்டு, அதற்கு முன் நகமுரா என்ன ஆடினார் என்று திரும்பிப் பார்க்கலாம். பெரும்பாலும் அது தாக்குதலாக இருக்காது; எதிராளிக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு வழிகளைத் திறந்துவிடும் சின்ன மூவாக இருக்கும்.

இந்தப் பாணிக்கு மிகக் கடினமான தேர்வு 2024 ஏப்ரலில் டொரண்டோவில் வந்தது. உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியின் 14ஆவது, கடைசிச் சுற்று. விதித் குஜராத்தியிடம் இரண்டு முறை தோற்றிருந்தும் நகமுரா 8 புள்ளியோடு போட்டியில் இருந்தார். எதிரே 8.5 புள்ளியுடன் சென்னையின் 17 வயது குகேஷ், அதிவேக ஆட்டங்களில் தன் தலைமுறையின் மற்றவர்கள் அளவுக்குப் பெயரெடுக்காதவர். வெள்ளைக் காய்கள் நகமுராவுக்கு, ஜெயித்தே ஆக வேண்டும். 40 மூவுக்கு இரண்டு மணி நேரம். நகமுராவால் சிக்கலை உண்டாக்க முடியவில்லை; குகேஷ் ஒவ்வொன்றுக்கும் தேவையான நேரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். 71ஆவது மூவில் டிரா. குகேஷ் 9 புள்ளியோடு முதலிடம் பெற்றார், நகமுரா 8.5இல் கருவானா, நெபோம்னியாச்சி இருவரோடும் சேர்ந்து நின்றார்.